பூச்சை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்த வருடம்தான் நானும் அந்த ஆபீசுக்குள் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம். பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். லயத்திலிருந்து ஆபீசுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். மற்றவர்களுக்கெல்லாம் ஆபீஸ் என்றால் ஒரு ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்கு வெளியே, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கிளாக்கர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார்கள். உள்ளே எத்தனை கதிரை, மேசை என்ன நிறம் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது.

அம்மா தொரை பங்களாவில் வேலை செய்தாள். தொரை என்றால் தோட்டத்து மனேஜர். அதற்கு முன்னால் இருபது வருடம் கொழுந்து எடுத்தவள். ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் வீங்கி, இனி மலைக்குப் போக முடியாது என்ற நிலையில்தான், யாரையோ பிடித்துப் பங்களாவுக்குள் போனாள். அங்கே பித்தளையும் வெள்ளியும் துலக்குவதுதான் அவளுடைய முக்கிய வேலை. பூச்சாடி, கதவுப்பிடி, தட்டு, மான்கொம்பு மாட்டிய பித்தளைப் பலகை, எல்லாம் அவள் கைபட்டுத்தான் மின்னும். பதினோரு வருடம். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். என்னைப் பதுளை டவுனுக்கு அனுப்பி ஆறு மாதம் கம்பியூட்டர் படிக்க வைத்தது அந்தக் கைதான்.

ஆபீசில் முதல் நாளே பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பம் பண்டாரவளையில். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்பதுபோல் வாயை இறுக்கி வைத்திருப்பார்.

“இஞ்ச பாரும் பிள்ளை. லயத்திலயிருந்து உள்ளுக்கு வந்த முதல் ஆள் நீர். ஆறு மாசம் பாப்பினம். நீர் பிழை விட்டா, உமக்குப் பிறகு அங்கயிருந்து ஒரு பிள்ளையையும் எடுக்க மாட்டினம். விளங்குதோ?”

விளங்கியது. விளங்கிய விளக்கத்தில் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மாதம் முடியும்போது தொரை கையெழுத்துப் போட்ட கடிதம் வரும். வந்தால் நான் நிரந்தரம். வராவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் வேறொன்றும் கிடையாது.

அந்தக் காலத்து மொனிட்டர் இப்போது இருப்பதுபோல் தட்டையானதல்ல. முதுகு புடைத்த பெரிய பெட்டி. முதலில் வந்த மொனிட்டரில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. என் முதுகுக்கு நேர் பின்னால்தான் அந்த ஜன்னல். வெளிச்சம் அப்படியே கண்ணாடியில் விழுந்து கண் கூசியது. தொரை தானே பதுளைக்குப் போய் அதை மாற்றி வேறொன்று கொண்டுவந்தார். அதில் வெளிச்சம் கூசாமலிருக்கக் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு ஒன்று பூசியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஊதா நிறம் அடிக்கும். அதைப் பற்றி அவருக்கிருந்த பெருமை, முதல் பிள்ளை பிறந்தபோதுகூட இருந்திருக்காது. அவர் சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழை எங்களைப்போலவே பேசுவார்.

“இது சாதா கண்ணாடி இல்ல. மேல மருந்து பூசியிருக்கு. தொடைக்கிறதுன்னா காஞ்ச துணி மட்டும். தண்ணி வேணாம், சோப்பு வேணாம், கை வைக்க வேணாம். வெளங்கிச்சா?”

“வெளங்கிச்சி சார்.”

இப்படி எல்லாம் விளங்கிய நான்தான் இந்தக் கூத்தைச் செய்தேன்.

ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. எங்கள் தோட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலரிலிருந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி வரைக்கும் கழுவிச் சந்தனம் வைத்துப் பூப்போடுவார்கள். அதில் இரண்டு பழக்கம் உண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கற்பூரம் காட்ட வேண்டும். நின்றுபோன மெஷினுக்கு யாரும் பூஜை போடமாட்டார்கள். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை கையால் தொடக்கூடாது என்பது மற்றது. ஃபேக்டரியில் சுவிட்ச் தூரத்தில் சுவரில் இருப்பதால் தொடாமலே மெஷினை நிறுத்திவிடுவார்கள், இந்த இரண்டு பழக்கமும் முட்டிக்கொள்ளாது. கம்பியூட்டரை அப்படிச் சுவர் சுவிட்சில் நிறுத்தினால் கெட்டுப்போகும் என்று எனக்குப் படித்துக் கொடுத்திருந்தார்கள். அதனால் என் மேசையில் வந்து இரண்டும் முட்டிக்கொண்டன.

அன்று சனிக்கிழமை. தொரை கொழும்புக்குப் போயிருந்தார். பெரிய கிளாக்கர் ஆபீஸ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பண்டாரவளைக்குக் கிளம்பினார். படியில் இறங்கியவர் திரும்பி வந்தார்.

“பொட்டு வைக்கிறதெண்டா பெட்டிக்கு மேல வையும். கண்ணாடியில வையாதையும்.”

“சரிங்க ஐயா.”

சாயந்திரம் பூசாரி வந்தார். ஜன்னலுக்கு வெளியே லயமே கூடி நின்றது. பெண்டுகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு பார்த்தார்கள். நம்ம லயத்துப் பிள்ளை, நம்ம லயத்துப் பிள்ளை என்று ஒரே பேச்சு. பெட்டிக்கு மேலே பொட்டு வைத்தால் ஜன்னலில் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அன்றைக்கு மண்டைக்குள் என்ன புகுந்ததோ. கம்பியூட்டரைப் போட்டுவிட்டு, வெளிச்சம் வந்த கண்ணாடியின் நட்டநடுவில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்தேன். அதன் நடுவில் நல்ல பெரிதாகக் குங்குமம் அப்பினேன்.

“அடி ஆத்தே! நம்ம புள்ள டீவிக்குப் பொட்டு வைக்குது பாரு!” என்று வெளியே ஒருத்தி கத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கற்பூரம் காட்டி முடிந்ததும், பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று கம்பியூட்டரை நிறுத்தாமல் அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜைச் சாமான்களை ஒதுக்கி வைக்கப் போனேன். கதவைத் திறந்ததுமே காய்ந்த சந்தன வாசம். கண்ணாடி காய்ச்சல்காரி நெற்றி மாதிரி சுட்டது. இராமுழுக்க எரிந்த கண்ணாடியின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்துப் பாளம் பாளமாக நின்றது. விரலால் தட்டினேன், உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் குங்குமச் சிவப்பு அப்படியே இருந்தது.

கம்பியூட்டரை நிறுத்தினேன். காய்ந்த துணியால் துடைத்தேன், போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், சிவப்பு இளகி உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. பதறிப்போனேன். பூஜைத் தட்டில் வெட்டிவைத்த எலுமிச்சம்பழம் இருந்தது, விபூதியும் இருந்தது. வீட்டில் குத்துவிளக்குத் துலக்குகிற கைக்கு வேறென்ன தோன்றும்? பழத்தை விபூதியில் தொட்டுக் கண்ணாடியில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். நன்றாகத்தான் தேய்த்தேன். குங்குமம் போய்விட்டது. அப்பாடா என்று துணியால் துடைத்தேன்.

துணியில் ஊதா நிறத்தில் ஏதோ மாவு மாதிரி ஒட்டியிருந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன். ஐயோ! என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. சுற்றிவர மங்கல் நிறம். நடுவில் மட்டும் பளபளவென்று கறுப்பு. அந்தக் கறுப்பில் என் ஒரு கண் மட்டும் தெரிந்தது, என்னையே முறைத்துப் பார்த்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொரை பெருமை பேசிய பூச்சை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை தொரை வருகிறார். அன்றைக்குத்தான் என் கடிதத்தையும் கையெழுத்துக்கு வைப்பதாகப் பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார்.

லயத்துக்கு ஓடினேன். அம்மா பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் சொன்னேன். அவள் கையிலிருந்த துணி தண்ணீரோடு போனது.

ஆபீஸ் படியில் அம்மா செருப்பைக் கழற்றினாள். வாசற்படிக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றாள். “வா அம்மா, யாருமில்ல” என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பதினோரு வருடமாக ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தொரையின் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து அந்த ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போகிறவள். உள்ளே வந்து நின்றது அன்றைக்குத்தான். உட்காரச் சொன்னேன். கதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றபடியே கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள்.

“பாவி மவளே! தொரை என்னா சொன்னாரு ஒனக்கு? கிளாக்கர் ஐயா என்னா சொன்னாரு? ஒரு மனுசன் சொன்னா போதாதுன்னு ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க. காது என்னா அடைச்சா போச்சி?”

நான் அழுதேன்.

“அழுவாத. அழுதா ஒட்டிக்குமா?” என்று அதட்டிவிட்டு, ஓட்டையின் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். பங்களாச் சாமானைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு சொன்னாள்:

“பங்களாவுல வெள்ளிப்பூச்சுப் போட்ட தட்டு ஒண்ணு இருக்கு. ஒரு மூலையில பூச்சு விட்டுப்போச்சி. தொரைசாணி பாத்தா என்னைத் தொலைச்சிருவாங்கன்னு, உக்காந்து முழுசாத் தேச்சிப் பித்தளையாக்கி வச்சிட்டேன். இன்னக்கி வரைக்கும் ஒரு கேள்வி இல்ல. கொஞ்சமாப் போனாத்தான்டி கண்ணுக்குத் தெரியும். முழுசாப் போயிட்டா, முந்தியே இப்பிடித்தான் இருந்திச்சின்னு நெனச்சிக்குவாங்க.”

“முழுசாவா! அம்மா, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“ஒன்னைவிட நல்லாத்தான் இருக்கு. நீ கதவச் சாத்திட்டு இரு.”

பங்களாவுக்குப் போய்ப் பித்தளை துலக்குகிற பாலிஷ் டின்னை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பழைய பெனியனைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டாள். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். ஒரு கீறல் விழாமல் தேய்ப்பதற்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. மூலைகளுக்குத் தீக்குச்சியில் துணியைச் சுற்றி விட்டாள். ஊதா மாவு துணி துணியாக வந்தது. நான் துணி கிழித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை. முழங்கால் நடுங்குவது சேலைக்கு மேலாலேயே தெரிந்தது. உட்காரேன் என்று நான் கெஞ்ச, “அது பேனா புடிக்கிறவங்க கதிரை. வாய மூடிக்கிட்டுத் துணியக் குடு” என்றாள்.

கடைசித் துடைப்பு முடிந்து அம்மா ஓரடி பின்னால் வந்தாள்.

“யாத்தே! என்னாடி இது, நான் நிக்கிறேன்!”

நானும் பார்த்தேன். கண்ணாடிக்குள் அம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோட்டு, அதற்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே வானம்! கம்பியூட்டரைப் போட்டேன். எழுத்து முன்னைவிடப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் எழுத்துக்கு மேலேயே ஜன்னலும் ரோட்டும் படிந்து கிடந்தன. பக்கத்து வீட்டு நாய் ரோட்டில் போனது, அதுவும் என் எழுத்துக்குக் குறுக்கே போனது. பூச்சு எதற்கு இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உண்மையாகவே விளங்கியது. மேசையைத் திருப்பிப் பார்த்தோம், வயர் எட்டவில்லை. ஜன்னலுக்குத் திரையும் கிடையாது.

“கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு” என்றாள் அம்மா. முகம் வெளிறிப் போயிருந்தது. வெள்ளித்தட்டுச் சமாசாரம் கம்பியூட்டரில் செல்லாது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சரி என்றேன். ஆனால் மனதுக்குள் வேறு முடிவுதான் செய்திருந்தேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது. சந்தனம் வைத்தது நான் சார், எலுமிச்சம்பழம் தேய்த்தது நான் சார், மன்னிச்சிருங்க சார். இதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. திங்கட்கிழமை காலை ஆபீஸ் படி ஏறும்போதும் சொல்லிக்கொண்டேதான் ஏறினேன்.

பெரிய கிளாக்கர் வந்தார், பார்த்தார். மொனிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் திறப்பதற்குள் தொரையின் ஜீப் வந்து நின்றது.

தொரை நேரே என் மேசைக்கு வந்து, “எங்க, ஆளுங்க பேரு லிஸ்ட்டக் காட்டு” என்று என் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். மணி பத்து. கண்ணாடிக்குள் ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றது. அம்மா. கையில் தேத்தண்ணிப் போத்தல். போத்தலைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவள், போகாமல் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மருந்து எங்க?” என்றார் தொரை.

பெரிய கிளாக்கர் தன் மேசையிலிருந்த தாளைப் புரட்டினார்.

“கண்ணாடி மேல இருந்த மருந்து எங்க?” விரலால் கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “இந்த வாசம் எனக்குத் தெரியும். எங்க வீட்டுல காலையில எழும்பினா இந்த வாசம்தான். இது பங்களா பாலிஷ்.” என் பக்கம் திரும்பினார். “யாரு செஞ்சது?”

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன்.

“அம்மாதான் சார் தேச்சாங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. யாரோ பேசியதுபோல் திரும்பிப் பார்க்கப் போனேன். பாவி, பொய்யாவது சொல்லியிருக்கலாமே! சொன்னது பொய்கூட இல்லை. தேய்த்தது அம்மாதான். அந்த ஒரு உண்மையை மட்டும் என் வாய் பொறுக்கி எடுத்துக்கொண்டது, மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. சந்தனம் நான் என்று அடுத்த வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது. சொல்லவில்லை.

ஜன்னலில் அம்மா கண்ணைக்கூட இமைக்கவில்லை.

“ஆமாங்க தொரை, நான்தாங்க” என்றாள், ஏதோ கொழுந்து எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. “பூசைக்கு நான்தாங்க பொட்டு வச்சேன். அது காஞ்சிபோச்சிங்க. புள்ளகிட்டச் சாவிய வாங்கிக்கிட்டு, கூட்டிப் பெருக்குறேன்னு பொய் சொல்லி வந்து தேச்சிட்டேங்க. புள்ளைக்குத் தெரியாதுங்க. தொரை மன்னிச்சிக்கிடணும்.”

சொல்லிக்கொடுக்காமல், ஒத்திகை பார்க்காமல், ஒரு மூச்சில் இவ்வளவும் எப்படி வந்தது அவளுக்கு? நான் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் தன் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தொரை எழுந்து நின்றார். பூச்சு போனதற்குத்தான் கத்துவார் என்று நினைத்தேன்.

“உன்னை யாரு ஆபீசுக்குள்ள வரச் சொன்னது?” என்று கத்தினார். “ஆபீசுக்குள்ள உனக்கு என்ன வேலை? பதினோரு வருசம் வீட்டுக்குள்ள விட்டதுக்கு இங்கயும் வருவியா?” போத்தலை வாங்கி மேசையில் டங்கென்று வைத்தார். “நாளையிலருந்து பங்களா வேணாம். காலையில பெரட்டுக்கு வா. மலைக்குப் போ.”

பெரட்டு என்றால் விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். அம்மா பதினோரு வருடமாகப் போகாத இடம்.

“சரிங்க தொரை” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். கண்ணாடிக்குள் அவள் முதுகு ரோட்டில் போவதைப் பார்த்தேன். திரும்பி ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானமே தொரை என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். “பாவம், அம்மா செஞ்சதுக்குப் பொண்ணு என்ன செய்யும்” என்று சொன்னாராம். பெரிய கிளாக்கர்தான் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணாடியில வையாதையும் எண்டு நான் சொன்னது உமக்கு. கொம்மாவுக்கில்லை.”

நான் கடிதத்தை மடித்தேன். அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடமும் பேசவில்லை, தொரையிடமும் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று பார்த்த லயத்து ஆட்களும் தொரையிடம் வாய் திறக்கவில்லை. மறுநாள் பெயர்ப் பட்டியலைத் திருத்தக் கொடுத்தபோது மட்டும், தாளை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பங்களா ஆட்கள் பட்டியலிலிருந்து அம்மாவின் பெயரை எடுக்க வேண்டும். மலைக்குப் போகிற பெண்கள் பட்டியலில் கடைசியில் போட வேண்டும். அது என் வேலை. எடுத்தேன், போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கு முந்தின நாள் சாயந்திரம் கடிதத்தோடு வீட்டுக்குப் போனபோது, அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அம்மா கூரைக்குக் கீழே இருந்த அட்டலிலிருந்து பழைய கூடையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். இங்கிலீசில் இருந்த கடிதம், அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

“நெரந்தரமா?”

“ஆமாம்மா.”

கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். “அப்பறம் என்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிற? போயி மூஞ்சி கழுவிட்டு வந்து தேத்தண்ணிய ஊத்து” என்றாள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். என்னைப்போல ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா? அன்றைக்கு இரண்டு ரொட்டியும் சாப்பிட்டேன்.

அம்மா அதற்குப் பிறகு ஆறு வருடம் மலைக்குப் போனாள். மழைக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, காலுக்குத் துணி கட்டிக்கொண்டு போனாள். கடைசி வருடம் கம்பு ஊன்றிப் போனாள். எனக்குப் பிறகு லயத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் ஆபீசுக்குள் வந்தார்கள். அந்தத் தொரை மாற்றலாகிப் போனார். பெரிய கிளாக்கரும் ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். அந்த மொனிட்டர் மட்டும் அப்படியே இருந்தது. ஜன்னலில் யார் வந்து நின்றாலும் நான் திரும்பாமலே கண்டுகொள்வேன்.

தட்டையான மொனிட்டர் வந்து பழையதைத் தூக்கிப் போட்ட அன்று, வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அந்தப் பூஜைக்குப் பிறகு லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்துக் காம்பராப் பெண்டுகள் மூன்று பேர் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதையை ஆரம்பித்தாள். பெட்டிக்குப் பொட்டு வைக்க அவள் ஆசைப்பட்டதும், கிளாக்கர் ஐயா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நடுக்கண்ணாடியில் சந்தனம் இழுத்ததும், எலுமிச்சம்பழத்தை விபூதியில் தொட்டுத் தேய்த்ததும், அவள் வாயால் ஒன்று விடாமல் வந்தது. நான் தேய்த்ததைக்கூட அவளே தேய்த்தாள். தொரை மூக்கில் விரலை வைத்து மோந்து பார்த்ததை நடித்தே காட்டினாள். பெண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஒனக்கு எம்புட்டுக் கொழுப்பு அக்கா!” என்றாள் ஒருத்தி. அந்தக் கதையில் நான் எங்கேயும் இல்லை. சாவி கொடுத்ததோடு சரி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறந்தே போய்விட்டாளா? தான்தான் செய்தோம் என்று நம்பிவிட்டாளா?

அவர்கள் போன பிறகு தைலத்தை எடுத்துவந்து அவள் முழங்காலில் தேய்க்க உட்கார்ந்தேன். அந்தத் தொரை போயே நாலு வருடம் ஆகியிருந்தது. இனியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அம்மா, பொட்டு வச்சது நான். எலுமிச்சம்பழம் தேச்சதும் நான்தான். அன்னக்கித் தொரைகிட்ட ஒன்னையக் காட்டிக் குடுத்ததும் நான்தாம்மா.”

அம்மா விசுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். கம்பு இல்லாமல் எழுந்திருக்கவே முடியாதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நொண்டி நொண்டி வாசலுக்குப் போனாள். வெளியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் தொரை கத்தியபோதுகூடப் பார்த்ததில்லை.

“பைத்தியமாடி ஒனக்கு? கதவு தொறந்து கெடக்குது, இம்புட்டு சத்தமாப் பேசுற! நீ இன்னும் அந்த ஆபீசுலதானே வேல செய்யுற?”